ஒரு அணில் மூன்று பேருக்குக் காணுமா

அரவேணு
ஐப்பசி, மழை விட்ட வெள்ளிக்கிழமை

அன்பு மகன் வினோத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு உன்னால் தலைவலி, மற்றபடி இருவரும் நலம். அங்கே நீயும் மருமகள் ஜீவிதாவும் பேத்தி ஸ்வேதாவும் நலமா என்று எப்போதும்போல் ஒப்புக்குக் கேட்டுவிட்டுப் போக இந்தத் தடவை எனக்கு மனமில்லை, உண்மையாகவே கேட்கிறேன், பதில் வேண்டும். போனில் கேட்டால் சரிப்பா சரிப்பா என்கிறாய், அதற்கு மேல் நான் வாயைத் திறந்தால் சிக்னல் இல்லை என்கிறாய், அரவேணு மேட்டில் எனக்குக் கிடைக்கிற சிக்னல் அத்தனை பெரிய ஸ்காட்லாந்தில் உனக்குக் கிடைக்கவில்லையாம். உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஜெகதளா ஊர் ஹன்னா, அந்த நர்ஸ் பெண், லீவு முடிந்து உங்கள் ஊருக்கே திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது அல்லவா, உட்கார்ந்து முழுக்கப் படி.

முதலில் உன் வாய்ஸ் மெசேஜ் பண்ணிய கூத்தைக் கேள். போன வாரம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், போனில் உன் பெயரைப் பார்த்ததும் கண்ணாடி இல்லாமல் எதையோ அழுத்திவிட்டேன், அது கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அலறியது. "அப்பா, அணில் கறிக்கு எத்தனை விசில் விடணும், ஒரு அணில் மூணு பேருக்குக் காணுமா" என்று நீ கேட்கிறாய், கடையில் எல்லோரும் என்னையே திரும்பிப் பார்க்கிறார்கள். பக்கத்து மேசையில் யார் என்று நினைக்கிறாய், நம் பகுதி ஃபாரஸ்ட் வாட்சர் பிரைட்டன். அவன் டீயில் நனைத்த வர்க்கி அப்படியே ஒடிந்து கிளாசுக்குள் விழுந்தது. இங்கே மலை அணிலைத் தொட்டால் ஜெயில் என்று உனக்குத் தெரியாதா, என்னை என்ன செய்வதாக உத்தேசம்? சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டான். கோவிச்சுக்காதீங்கண்ணே, காதுல விழுந்த பொறகு ஊட்டைப் பாக்காமப் போனா என் வேலைக்கு ஆகாதுங்க என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்தான், உள்ளே மேரக்காய்க் கூட்டு. பின்பக்கத் தாழ்வாரத்தில் தொங்குகிறதே நம் பழைய கறிச்சட்டி, அதையும் இறக்கி மோந்து பார்த்தான், உன் அம்மா அதில் புதினா வளர்க்கிறாள். மகன் இருக்கிற நாட்டில் சாம்பல் நிற அணில் தோட்டம் தோட்டமாகப் பெருகிக் கிடக்கிறது, அங்கே அதைச் சாப்பிடத் தடையில்லை, கறிக்கடையில்கூட விற்பார்களாம் என்று நான் தொண்டை வற்றச் சொன்ன பிறகுதான் நம்பினான். போகும்போது வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, "அணிலைத் திங்கிற அளவுக்கு அங்கெ என்னங்கண்ணே பஞ்சம்" என்று கேட்டான். அவன் விளையாட்டாகத்தான் கேட்டான், எனக்குத்தான் அன்றைக்கு ராச்சாப்பாடு இறங்கவில்லை. அது போதாதென்று இப்போது கடைத்தெருவில் எதிரே வருகிறவனெல்லாம் இன்னிக்கு என்ன கறிங்கண்ணே என்று கேட்கிறான்.

சரி, கேட்டுவிட்டாய், பதிலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ அனுப்பிய வீடியோவில் அந்தக் கறியை நீ படுத்துகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. தயிரும் குடைமிளகாயும் யார் போடச் சொன்னது? குக்கர் வேண்டவே வேண்டாம், அணில் எலும்பு ஊசி ஊசியாக உடையும், ஸ்வேதா தொண்டையில் குத்தினால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், அவளுக்குக் கறியைக் கையால் பிய்த்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தோலை உரிக்கும்போது ரோமம் கறியில் ஒட்டக்கூடாது, ஒட்டினால் ஆற்றில் கொண்டுபோய்க் கழுவினாலும் போகாது. முன்னங்கால் கக்கத்தில் பயறு அளவுக்குச் சின்னக் கட்டி இருக்கும், அதைக் கிள்ளி எறியாமல் விட்டுவிட்டுத்தான் கவிச்சை போகவில்லை என்று புலம்புகிறாய். மஞ்சளும் இஞ்சியும் தட்டிப் போட்டு ஒரு கொதி வரவிட்டு அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடு. மல்லி, மிளகு, சீரகம், வரமிளகாய் எல்லாவற்றையும் நாம் கறுக்க வறுத்து இடிப்போம், என் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பழக்கம் அது, அந்தத் தூள் ஒரு டப்பா ஹன்னாவிடம் இருக்கிறது. சின்ன வெங்காயத்தைத் தாராளமாக வதக்கி, கறியையும் தூளையும் போட்டுப் புரட்டி, கறி எலும்பை விட்டு நழுவுகிறவரை சின்னத் தீயில் மூடி வை, அவசரப்படாதே, கிழட்டு அணில் என்றால் அது பாட்டுக்கு நேரம் எடுக்கும். தேங்காயைக் கீறிக் கடைசியில் போடு. மிஞ்சின எலும்பைத் தட்டி மிளகு ரசம் வைக்கலாம். இதையெல்லாம் உன் அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை, அவள் அந்தக் கறியைச் சமையலறைப் படியே ஏறவிட்டதில்லை. ராமர் தடவிக் கொடுத்தது அணிலை, மலை அணிலுக்கு முதுகில் கோடே இல்லை என்று நான் எவ்வளவோ வாதாடியிருக்கிறேன், ஆம்பளைங்க வெளியே வெச்சுத் தின்னுட்டுக் குளிச்சிட்டு வாங்க என்பாள். அதனால்தான் அதற்குத் தனிச் சட்டி, வீட்டுக்குப் பின்னால் தனி அடுப்பு.

இனி நீ கேட்ட இன்னொன்று, ஒரு அணில் மூன்று பேருக்குக் காணுமா என்று. காணாது. காணவைக்கிற வழி எனக்குத் தெரியும், மேரக்காயையும் உருளைக்கிழங்கையும் கறித்துண்டு மாதிரியே வெட்டிப் போட்டு, பிள்ளைக்குக் கறியும் பெரியவர்களுக்குக் காயுமாக அகப்பையைத் திருப்பத் தெரிய வேண்டும். அது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ யோசித்ததே இல்லை, வீடியோவில் என்னமோ எங்க அப்பா லீவு நாள்ல பிக்னிக் மாதிரி அணில் கறி ஆக்குவார் என்று பெருமையாகச் சொல்கிறாய், கேட்டபோது எனக்கு வந்த எரிச்சலை எழுத முடியாது. அது பிக்னிக் இல்லை வினோத். எஸ்டேட் ஃபாக்டரியைப் பூட்டிப் போட்டு, பச்சைத் தேயிலையை வாங்க ஆளில்லாமல், கடையில் கடனும் கொடுக்காமல் போன வருஷம் அது, நீ அப்போது ஸ்வேதாவைவிடச் சின்னவன். வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில்தான் நான் கண்ணியை எடுத்துக்கொண்டு சோலைக்குள் போவேன். நீ பயந்துவிடக்கூடாது என்று மூன்று கல்லைக் கூட்டி, சட்டி மூடியில் கரண்டியால் தாளம் போட்டு, புலி வந்த கதை கரடி வந்த கதை எல்லாம் சொல்லிச் சிரிப்பேன், நீ கைதட்டுவாய். கறி உன் தட்டுக்குப் போகும், நான் மேரக்காயைச் சாப்பிட்டுவிட்டு வெறும் எலும்பைச் சத்தமாகக் கடிப்பேன். அந்த வருஷம் உன் அம்மாவும் சாப்பிட்டாள், கோடு இல்லாத அணில்தானே என்று நான் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாள்.

இப்போது உன் வீடியோவுக்கு வருகிறேன், பிரைட்டன் போன பிறகு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீ மூடியில் கரண்டியால் தாளம் போடுகிறாய், ஸ்வேதா கைதட்டுகிறாள், வீட்டுக்குள்ளேயே கம்பளிக் குல்லாயும் கையுறையும் போட்டிருக்கிறாள், ஹீட்டர் என்ன ஆயிற்று? பின்னால் நிற்கிற ஜீவிதா முகத்தில் சிரிப்பே இல்லை. சாப்பிடும்போது நீ பிடித்திருக்கிற போன் ஒரு நொடி உன் பக்கம் திரும்புகிறது, உன் தட்டில் உருளைக்கிழங்கு மட்டும்தான் இருக்கிறது. முன்பெல்லாம் முதியோர் இல்லத்து வேலையில் மூச்சுவிட நேரமில்லை என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேசுவாய், இப்போது செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் மெசேஜ் போட்டு அணிலுக்கு எத்தனை விசில் என்கிறாய். ஒரு தடவை கேட்டிருந்தால் ஆசைக்குச் செய்கிறான் என்று விட்டிருப்பேன், கவிச்சைக்கு ஒரு தடவை, எலும்புக்கு ஒரு தடவை, மூன்று பேருக்குக் காணுமா என்று ஒரு தடவை என்று கேட்டால் என்ன அர்த்தம்? நீ அதில் சிரிக்கிறாயே, அது என் சிரிப்பு வினோத், அதை நான் உனக்காகச் சிரித்திருக்கிறேன், என்னிடமே அதைக் காட்டுகிறாயே என்றுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது, அழுகையாகவும் வருகிறது. உன் அம்மா வீடியோவைப் பார்த்து எம்மவன் எப்படி ஆக்குறான் பாருங்க என்று பூரித்துப் போயிருக்கிறாள், அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை இருக்கிறதா இல்லையா, அதை ஒரு வரியில் சொல். போயிருந்தால் போகட்டும், வேறு கிடைக்கிற வரை இருக்கலாம் என்றால் இரு, முடியாது என்றால் மூன்று பேரும் கிளம்பி வாருங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதே, என்னை ஏற்கெனவே அணில் கறிக்காரன் ஆக்கிவிட்டாய், இதற்கு மேல் என்ன சொல்லிவிடுவார்கள். இங்கே இருக்கிற சோறு ஐந்து பேருக்கும் காணும். குழந்தையைக் குளிரில் வைக்காதே, காதை மூடிப் படுக்க வை. ஜீவிதாவிடம் கோபத்தைக் காட்டாதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உங்களுக்கு உண்டு.

ஒன்று மட்டும் மறக்காதே. ஹன்னா இந்தக் கடிதத்தைக் கொடுத்த கையோடு உன் வீட்டு அரிசி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வாள், நான்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவள்மேல் கோபப்படாதே. டின் நிறைய இருந்தால் சந்தேகப்பட்ட இந்தக் கிழவனை நன்றாகத் திட்டு, வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். காலியாக இருந்தால் அவள் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
காளிமுத்து