பெரட்டில் பெயரில்லாத பிள்ளை

மார்ச் 2, 1926

என் தொடர்கதையின் எட்டாம் அத்தியாயத்தைப் பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று. கங்காணியின் தொல்லை பொறுக்காமல் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடும் பெரியாயி, அப்புத்தளையில் ரயிலேறிவிட்டாள். பதுளை போய்ச் சேர்ந்தால் பிழைத்தாள்.

இம்முறை குழப்பமில்லை. முன்பு கங்காணியை ஒரே வேளையில் பெரகல ஊர்க் கடையிலும் தேயிலை மலையிலும் நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அல்லவா, விழுந்து விழுந்து சிரித்தார். “காலையில நான் பெரட்டுல ஆளுகள நிக்கவச்சுப் பேர் கூப்பிடுறேன்ல? அதுமாதிரி எழுதுமுன்ன கூப்பிட்டுப் பாரு. யாரு எந்த மலையிலன்னு தெரிஞ்சுபோகும்.” அப்படியே செய்கிறேன். ஒருவரும் தவறவில்லை. கொஞ்சம் கர்வம்கூட.

மார்ச் 9

நாத்தனார் ஜெயலெட்சுமி பத்திரிகையும் கையுமாக வந்தாள்.

“மதினி, புள்ள எங்க?”

“உள்ளே தூங்குறான்.”

“ஒங்க புள்ளய யாரு கேட்டா? பெரியாயி புள்ள! அஞ்சாவது அத்தியாயத்துல பிள்ளைக் காம்பராவுல ஆயாம்மாகிட்ட விட்டுட்டுக் கொழுந்தெடுக்கப் போனா. மலையிலருந்தே ஓடுறா. மூணு அத்தியாயமா கைய வீசிக்கிட்டுல்ல போறா! கங்காணிக்குப் பயந்தவ, புள்ளய அவன் தோட்டத்துலயா விட்டுட்டுப் போவா? பெத்தவ எழுதுன கதையா இது?”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

பெரட்டில் வேலைக்குப் போகிறவர்களின் பெயர்தான் உண்டு. கைப்பிள்ளைக்கு ஏது? இவர் கூப்பிடுவதுபோலவே நானும் கூப்பிட்டேன். இவருக்கு அது உத்தியோகம் — எனக்கு?

மார்ச் 10

ஜெயலெட்சுமி இவரிடமும் சொல்லிவிட்டாள். சோறு பரிமாறும்போது தலை நிமிரவில்லை நான்.

மார்ச் 12

“இதுக்குப் போயா சாப்பிடாம கெடக்குற?” என்றார். “ஆயாம்மா புள்ளயத் தூக்கிட்டு வந்து ஸ்டேஷன்ல குடுத்துட்டான்னு ஒரு வரி போடு. யாரு கேக்கப்போறா?”

போட்டுப் பார்த்தேன். அடித்தேன். மறுபடி போட்டேன். இடுப்பில் பிள்ளை இருந்தால் அவள் எப்படி ரயிலின் மூட்டைப் பெட்டிக்குள் ஒளிந்திருக்க முடியும்? ஒரு அழுகை போதுமே, பிடித்துவிடுவார்கள். வெறுங்கையாய் இருந்ததால்தான் தப்பினாள்.

பிள்ளையை மறந்துதான் போனேனா? அவள் கை வீசி நடந்ததை எழுதும்போது எவ்வளவு லேசாக இருந்தது எனக்கு. இவன் பிறந்த பிறகு நான் அப்படி நடந்ததேயில்லை — சீ, என்ன புத்தி இது! இதை எழுதும்போதே உள்ளே அழுகிறான். வாக்கியத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், பாவி.

மார்ச் 16

ஒன்பதாவதைத் தபாலில் சேர்த்தேன்.

எல்ல ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது பெரியாயிக்கு மார்பில் பால் கட்டி வலிக்கிறது. ரவிக்கை நனைந்துவிடுகிறது. இறங்குகிறாள். தண்டவாளத்தோரமாக, வந்த வழியே நடக்கிறாள்.

அனுப்புமுன் ஜெயலெட்சுமியிடம் படிக்கக் கொடுத்தேன். இவனை மடியில் போட்டுக்கொண்டு படித்தாள். கேலி ஒன்றும் வரவில்லை.

“கங்காணி தோட்டத்துலதானே இருப்பான், மதினி?”

“இருப்பான்” என்றேன்.