நாற்பத்தொன்றுக்கு யார் பொறுப்பு

அன்பு மகள் குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன் அறையில் மழை ஒழுகிய இடத்தைச் சரிசெய்தாயிற்று. புத்தகங்கள் நனையவில்லை.

போனில் சொல்லத் தைரியம் வராததால் இந்தக் கடிதம். உன் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்றவர்களுக்குச் சில இடங்கள் தருகிறார்கள். போன பருவத்தில் சேர்ந்தேன். புள்ளியியல் எளிது, அதை எடுங்கள் என்றார் சேர்க்கை எழுத்தர். நான் கேட்டது டிஸ்கிரீட் மேத்ஸ் என்ற கணக்குப் பாடம், நீ பாதியில் விட்டுப்போன அதே பாடம். ஏன் என்று கேட்டார். படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். உன் அம்மாவோ, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்றாள்.

முதல் தேர்வில் ஒரு கேள்வி. ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால், எத்தனை எண்களைக் கூட்டினோமோ அதன் வர்க்கம் வரும் என்று நிறுவ வேண்டும். நான் நாற்பது வரை கூட்டிப் பார்த்து, அட்டவணை போட்டு, அடிக்கோடும் இட்டேன். பத்துக்குப் பூஜ்யம். ஓரத்தில் விரிவுரையாளர் எழுதியிருந்தார்: "நாற்பதும் சரி. நாற்பத்தொன்றுக்கு யார் பொறுப்பு?"

முப்பத்து நான்கு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். ஒரு குப்பியைப் பார்த்துவிட்டு அடுத்ததும் அப்படித்தான் என்று எழுதியிருந்தால் அன்றே சீட்டைக் கிழித்திருப்பார்கள். அந்த விரிவுரையாளர் அம்மாவிடமே போய் இதைச் சொன்னேன். "அடுத்ததும் அப்படித்தான்னு நம்பச் சொல்லல ஐயா. ஏன் அப்படித்தான் இருந்தாகணும்னு காட்டச் சொல்றேன்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். புரியவில்லை.

இந்தப் பாடம் வராமல் நீ அன்று அழுதபோது, "உக்காந்து படிச்சா வராதா?" என்று கேட்டேன். உட்கார்ந்து படித்தேன், குட்டி. வரவில்லை.

பாடத்திலிருந்து விலகும் படிவத்தை நிரப்பிக்கொண்டு, அதைக் கொடுக்கக் கடைசி நாளன்று போனேன். வராந்தாவில் என் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் ஒரு பலகையில் எழுதிய அதே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் புரியவில்லையாம். ஒருத்தி, "வாங்க தாத்தா, சேர்ந்தே முழிப்போம்" என்றாள். பிறகு வாரம் இரண்டு நாள் அவர்களோடுதான். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்தோம். நாற்பதுக்கு நாற்பது புள்ளிச் சதுரத்தின் பக்கத்தில் ஒரு வரி, அடியில் ஒரு வரி, மூலையில் ஒரு புள்ளி சேர்த்தால் அடுத்த சதுரம். சேர்த்த புள்ளிகள் எண்பத்தொன்று, அதுதான் நாற்பத்தொன்றாவது ஒற்றை எண். எந்த எண்ணுக்கும் இப்படியே. அது பிடிபட எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

இறுதித் தேர்வில் ஐம்பத்தெட்டு. தேறிவிட்டேன். உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நீ மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் போராடினாய். நான் வீட்டுக் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எனக்கும் புரியலையே என்று சொல்லியிருக்கலாம்.

நீ மறுபடி சேர இருபதாம் தேதி வரை நேரம் இருக்கிறதாம். விசாரித்தேன், அவ்வளவுதான். அந்த ஊரில் உன் வேலை பிடித்திருந்தால் அதிலேயே இரு. படிக்க வர வேண்டாம், சும்மா வா. நீ வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ரயில் நேரத்தை அம்மாவிடம் சொன்னால் போதும், நிலையத்துக்கு நான் வருகிறேன். உன்னைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வராது. அதை மட்டும் பொறுத்துக்கொள்.

உன் மனம்போல எல்லாம் நடக்கட்டும்.

அப்பா