அண்ணிக்காக எழுதிய யோசனை

மார்ச் 4, திங்கள்
அண்ணிக்கு இன்றும் முழங்கால் வீக்கம். ஃபேக்டரி ஸ்டோரிலிருந்து எங்கள் லைனுக்கு மின்விசிறி உதிரிபாகத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடந்தால் வீங்காமல் என்ன செய்யும்? லீவு போடுங்கள் என்றால் போதும், வீட்டுக்காரரின் அக்கா என்ற கெத்து வந்துவிடும். "உன்னை அங்க சேத்துவிட்டதே நான். எனக்கே புத்தி சொல்றியா?"

மார்ச் 7
முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஆலோசகர் ஆளுக்கொரு யோசனைச் சீட்டு கொடுத்தார். வீண் நடை, வீண் காத்திருப்பு - எதைக் குறைக்கலாம் என்று வேலை செய்கிறவர்களே சொல்லணுமாம். அவர் ஊரில் அதுதான் வழக்கமாம். பத்து வருஷமாக 'வாயை மூடிட்டு கையை அசை' என்று எங்களை வளர்த்த மேனேஜரும் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் எழுதிப் போட்டேன். ஸ்டோர் சுவரில் ஒரு திறப்பு, உருளை வைத்த சாய்வுப் பலகை. தட்டு தானாக வழுக்கி வரும். அண்ணி நடக்கவே வேண்டாம்.

மார்ச் 19
பலகை மாட்டியாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, "மகாராணி மாதிரி இருக்கேன்டி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 29
அண்ணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 30
மேனேஜரிடம் போய் நின்றேன். "ஒரு ஆள் மிச்சம்னு நீதானம்மா எழுதிக் கொடுத்த?"

நான் எங்கே அப்படி எழுதினேன்? கால் வலின்னுதானே எழுதினேன்.

மொழிபெயர்ப்பாளரை இழுத்துக்கொண்டு ஆலோசகரிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் ஊரில் யோசனையால் மிச்சமாகும் ஆளை வேறு வேலைக்குப் பழக்குவார்களாம், வெளியே அனுப்ப மாட்டார்களாம். மேனேஜர் சிரித்தார். "அது அங்க. இங்க ஆள் குறைஞ்சாத்தான் முதலாளிக்கு முன்னேற்றம்." ஆள் விஷயம் ஆலோசகர் கையில் இல்லையாம்.

சும்மா கிடந்திருக்கலாம். பாவி நான்.

ஏப்ரல் 2
காலையில் பழக்கதோஷத்தில் அண்ணி யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். கழற்றி மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஏப்ரல் 3
அண்ணி தன் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 11
சாப்பிடும்போது அவராகவே கேட்டார். "வேணும்னே பண்ணியா?"

"ஐயோ அண்ணி, உங்க காலுக்காகத்தான்..."

"தெரியும். அதான் உன்மேல கோவப்படக்கூட முடியல."

கோபப்பட்டிருந்தால் தேவலை.

மே 6
பழைய ஆலோசகர் ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் வந்த புதியவர் லைன் முழுக்கச் சுற்றி வந்தார். எனக்கு முன்னால் நிற்கும் பெண் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அடித்தட்டுவரை குனிகிறாள், நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தத் தட்டை ஒரு முழம் உயர்த்தி வைத்தால் போதும்.

"ஏதாவது யோசனை இருக்கா?" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க."

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அவர் நோட்டில் ஏதோ எழுதினார். என்னவென்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன்.

"இந்த ஊர் ஆளுங்களுக்கு யோசிச்சுச் சொல்ற பழக்கமே இல்லையாம்."

ஆமாங்க என்று தலையாட்டினேன். அந்தப் பெண் மறுபடி குனிந்தாள்.