படம் நின்ற இடத்திலிருந்து

என் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. நீ நல்லா இருக்கணும், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கணும். நாங்க இங்க சௌக்கியம்னு அடுத்த வரிய எப்பவும் போல எழுதத்தான் பேனாவ எடுத்தேன், கை வரல. அன்னைக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில கொஞ்ச நேரம் போனுல என் முகத்தப் பாத்தியே, அப்புறம் படம் அப்படியே நின்னுபோச்சே, அதுக்கப்புறம் நீ என்ன பாடுபட்டிருப்பேன்னு நினைச்சுத்தான் இத எழுதறேன். அப்பா உயிரோட இருக்காரு. அத முதல்ல படிச்சுக்கோ. மத்தத மெதுவா சொல்றேன்.

வீடியோ கால கவர்மென்ட்டு நிறுத்தி இன்னையோட இருபத்திமூணு நாள். ஊர் கலவரம் அடங்கற வரைக்கும்னு சொன்னாங்க, அடங்கியும் திறக்கல. சாதாரண மெசேஜும் வெளிநாட்டுக்குப் போகல, பக்கத்துல சிவப்புக் குறி காட்டுது. எதிர்வீட்டு அக்கா உன் நம்பருக்கு மூணு தடவை போன் போட்டுப் பாத்துட்டு லைனே போகலன்னு உதட்டப் பிதுக்கினாங்க. ஊர்ல காது கேக்கறவங்களாவது உள்ளூர்க்குள்ள பேசிக்கிறாங்க, காது கேக்காத எனக்கும் அப்பாவுக்கும் கைதானே பேச்சு, அந்தக் கையப் பாக்கற கண்ணாடிய மூடிட்டாங்க. தடை வரப்போகுதுன்னு தெரிஞ்சு, அதத் தாண்டிப் பேசறதுக்கு நீ ரெண்டு ஃபைல் அனுப்பி, அம்மா இத இப்பவே போனுல போட்டு வைன்னு சொன்ன. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அந்த நாளைக்குத்தான் இப்ப என்னைப் போட்டு அறுக்குது.

தடை வந்த அஞ்சாம் நாள் மத்தியானம் அட்டைப்பெட்டி ஃபேக்டரியில அப்பா உருளைக்கு நடுவுல சிக்கின அட்டைய எடுத்துக்கிட்டு இருந்திருக்காரு. பின்னாடி நின்ன ஆள் மிஷினப் போடப் போறேன்னு கத்திட்டுத்தான் போட்டிருக்கான், புதுசா சேந்தவன், அப்பாவுக்குக் காது கேக்காதுன்னு அவனுக்குத் தெரியாது. வலது கை உள்ள போயிடுச்சு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினப்போ வலது கை முழுக்கக் கட்டு, இடது கையில ட்ரிப்ஸ் ஊசி, அந்தக் கையையும் துணியால கட்டில் கம்பியோட கட்டி வெச்சிருந்தாங்க. ஏன்னு எழுதிக் கேட்டா, உங்க வீட்டுக்காரர் கைய ஆட்டி ஆட்டி முரண்டு பண்றாருன்னு நர்ஸம்மா எழுதிக் காட்டறாங்க. அவர் பேசிக்கிட்டு இருந்திருக்காருடி. தண்ணி கேட்டிருக்காரு, என்னக் கேட்டிருக்காரு, விரல் எத்தன இருக்குன்னு கேட்டிருக்காரு. பேசறாருன்னு நான் எழுதிக் குடுத்ததும் அவிழ்த்துட்டாங்க, மறுநாள் வேற நர்ஸு, மறுபடியும் கட்டு. கடைசியில அதையே அட்டையில பெரிசா எழுதிக் கட்டில் தலைமாட்டுல மாட்டினேன்.

அடிபட்ட நாலாம் நாள் கையில சீழ் வெச்சு ஜுரம் ஏறிடுச்சு. டாக்டரம்மா வந்து முகக்கவசத்தோட அஞ்சு நிமிஷம் பேசினாங்க. உதட்டையும் பாக்க முடியல, என்னத்தப் புரிஞ்சுக்கறது? இங்கிலீஷ்ல நாலு பக்கம் நீட்டினாங்க. நர்ஸம்மா அடியில தமிழ்ல எழுதினது ரெண்டே வரி. மணிக்கட்டு வரைக்கும் எடுக்கணும், காலையில பத்து மணிக்குள்ள கையெழுத்துப் போடுங்க. எனக்கு நூறு கேள்வி இருக்கு, அப்பாவுக்கு இருநூறு. போன தடவ என் பல்லப் பிடுங்கினப்போ நீ போனுல இருந்துக்கிட்டு பல் டாக்டர் பேசப் பேச கையால சொன்னியே, அதுமாதிரி நீ இல்லாம நான் யார்கிட்டப் போவேன்?

போனத் தூக்கிக்கிட்டு நம்ம செல்போன் ரிப்பேர்காரர்கிட்ட ஓடினேன், கண்ணுல பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டே இருப்பாரே அவர்தான். தடையத் தாண்டற விபிஎன் போட்டுத் தாங்கன்னு எழுதிக் காட்டினதும் அவர் முகம் வெளிறிப்போச்சு. கடையில வெச்சுப் பண்ணா கடைக்கு சீல் வெச்சிடுவாங்கன்னு எழுதிட்டு நான் எழுதின சீட்டையும் சேத்துக் கிழிச்சாரு. நான் நகரல. ஆஸ்பத்திரிப் பேப்பர அவர் மேசையில விரிச்சு வெச்சேன். படிச்சாரு. அப்புறம் ஒரு பில்லத் திருப்பி வழி எழுத ஆரம்பிச்சாரு. ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை சைசு, காது கேக்காதவங்களுக்கு எழுத்தும் பெரிசா இருந்தாத்தான் எட்டும்னு நினைச்சுட்டாரு போல, அந்தக் கஷ்டத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

படிக்கட்டுல உக்காந்து அவர் எழுதினபடி பண்ணேன். நீ அனுப்பின முதல் ஃபைலத் தொட்டா, இது ஆபத்தான ஃபைல்னு போன் மிரட்டுது. மூணு தடவ பயந்து மூடிட்டேன், நாலாவது தடவ பல்லக் கடிச்சுக்கிட்டு அனுமதின்னு அமுக்கினேன். ரெண்டாவது ஃபைல உள்ள ஏத்தினதும் மேல சின்ன சாவிப் படம் வந்துச்சு. வந்துடுச்சுன்னு உனக்குக் கால் போட்டா வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. திரும்பவும் கடைக்கு ஓட்டம். அவர் பாத்துட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. தடை வந்த பிறகு பேட்டரி மாத்தினப்போ போனுல தேதி ரெண்டு வருஷம் பின்னால போயிருக்கு, நாளும் மணியும் தப்பா இருந்தா அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் உங்கள நம்பாதுன்னு எழுதினாரு. தேதியச் சரி பண்ணாரு. ஆஸ்பத்திரி வைஃபை வேண்டாம், அது இதையும் மறிக்கும், சிம் டேட்டால போங்கன்னும் எழுதினாரு. வார்டுல சிக்னல் ஒரு கோடு கூட இல்ல. மாடிப்படி ஜன்னல்ல மட்டும் ரெண்டு கோடு. மறுநாள் காலையில மணி ஒன்பதே முக்கால். உன் முகம் வந்துச்சு.

நீ பாத்தது அதுலேர்ந்துதான். டாக்டரம்மாவ முழங்கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து ஜன்னல்கிட்ட நிறுத்தினேன், மரியாதையெல்லாம் பாக்கல. அவங்க பேசினாங்க, நீ வாயால அவங்ககிட்ட ஏதோ சொன்ன, அப்புறம் என்கிட்ட திரும்பிக் கைய எடுத்த. அம்மா, கையெழுத்துப் போடாதன்னு காட்டின. அடுத்த சொல்லுக்கு ரெண்டு கையும் நெஞ்சுக்கு நேரா தூக்கின, அதோட நின்னுச்சு. போடாத, போட்டா கை போயிடும்னு சொல்ல வந்தியா? போடாம இருந்தா உயிர் போயிடும்னு சொல்ல வந்தியா? அந்த நின்னுபோன படத்தப் பாத்துக்கிட்டே நின்னேன். சாவிப் படம் மறைஞ்சுபோச்சு. எத்தன தடவ அமுக்கினாலும் வரல. டாக்டரம்மா பேனாவ நீட்டினாங்க. வாங்கி, கையெழுத்துக்கு விட்ட கோட்டுலயே எழுதினேன்: இவர் பேசறது இந்தக் கையாலதான், வெட்டறதுக்கு முன்னால வேற வழியே இல்லன்னு எனக்கு எழுதிக் குடுங்க. எழுதிட்டுப் பேனாவ ஜன்னல் விளிம்புல வெச்சுட்டேன். தப்புப் பண்ணி அவரக் கொன்னுட்டா உன் முகத்துல எப்படி முழிப்பேன்?

டாக்டரம்மா படிச்சாங்க. முகக்கவசத்தக் கழட்டிட்டு, நான் உதட்டப் பாக்கற மாதிரி மெதுவா, உங்க பொண்ணும் இதத்தான் சொன்னாங்கன்னு சொன்னாங்க. நீ வாயால சொன்னது போய்ச் சேந்திருக்குடி கண்ணு. சாயங்காலத்துக்குள்ள கை ஆபரேஷன் பண்ற இன்னொரு டாக்டரக் கூப்பிட்டாங்க, அவர் வந்து தமிழ்ல ஒண்ணொண்ணா எழுதிக் காட்டினாரு, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். ஆறு மணி நேரம் ஆச்சு. மோதிர விரலும் சுண்டு விரலும் போயிடுச்சு. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மூணும் இருக்கு. ஆனா ஜுரம் இன்னும் முழுசா விடல. இன்னும் பன்னெண்டு நாள்ல தொடையிலேர்ந்து தோல் எடுத்து வெச்சுத் தைக்கணுமாம், அதுக்குள்ள சீழ் திரும்ப வந்தா மணிக்கட்டுப் பேச்சு மறுபடியும் வருமாம். நான் அவருக்கு அதச் சொல்லல. என் முகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாருன்னு நினைக்கிறேன், தூங்கற மாதிரி கண்ண மூடிக்கிறாரு.

பன்னெண்டு நாளைக்குள்ள எனக்கு நீ வேணும். உன்னால வர முடியாது, விசா சங்கதி எனக்குத் தெரியும், அதப் பத்திக் குத்தமா நினைக்காத. பழைய ஃபைல் செத்துப்போச்சு, அந்த வழியையும் கண்டுபிடிச்சு அடச்சிருப்பாங்கன்னு ரிப்பேர்காரர் எழுதினாரு. இப்ப அவர் கடை நாலு நாளா பூட்டிக் கிடக்கு, எதனாலன்னு கேக்கவே பயமா இருக்கு. இந்தக் கடிதத்த நர்ஸம்மாவோட தங்கச்சி எடுத்துட்டு வராங்க, நீ இருக்கற ஊர்லதான் வேலை பாக்கறாங்களாம். அவங்க கூட வேலை செய்யற ஒருத்தர் இன்னையிலேர்ந்து எட்டாம் நாள் இங்க திரும்பறாரு. அவர்கிட்ட ஒரு மெமரி கார்டுல புது ஃபைல் போட்டுக் குடு. ஒண்ணு போதாது, நாலஞ்சு வெவ்வேற வழியா போடு, ஒண்ணு அடச்சா இன்னொண்ணு. எதுக்கு அடுத்து எத அமுக்கணும், பட்டன் என்ன நிறம், போன் மிரட்டினா எத நம்பணும் எத நம்பக் கூடாதுன்னு உன் கைப்பட எழுது. சின்ன எழுத்துலயே எழுது, அம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது.

இன்னைக்குக் காலையில கட்டு மாத்தினாங்க. முடிஞ்சதும் அப்பா உன்னப் பத்திக் கேக்க வலது கையத் தூக்கினாரு. கன்னத்துக் குழியில சுண்டு விரல வெச்சுத் திருப்பினாத்தானே கைப்பேச்சுல உன் பேரு, நீ ஆறு மாசக் குழந்தையா சிரிச்சப்போ அவர் வெச்ச பேரு. கை பாதியில நின்னுச்சு. சுண்டு விரல் இருந்த இடத்தப் பாத்தாரு. நான் வேற பக்கம் திரும்பிக்கலாம்னு பாத்தேன், முடியல. அப்புறம் ட்ரிப்ஸ் குழாயோட இடது கையத் தூக்கி, அந்தச் சுண்டு விரல இந்தப் பக்கத்துக் கன்னத்துல வெச்சுத் திருப்பினாரு. கோணலாத்தான் வந்துச்சு. சரியா வந்துச்சான்னு என்னக் கேட்டாரு. வந்துச்சுன்னு சொன்னேன்.

நீ நூறு வருஷம் குறையில்லாம இருக்கணும். அழுதுக்கிட்டே வேலைக்குப் போகாத. மெமரி கார்ட மறந்துடாத.

உன் பதிலுக்குக் கண்ணு பூத்துக் கிடக்கும்
அம்மா