எலியை மறைத்த மஞ்சள் தாள்

இன்று காலை எங்கள் பிளாட் புஷ் புறநகர் வீட்டுக் கராஜில் ஓர் எலி செத்துக் கிடந்தது. குளிர் தொடங்கினால் உள்ளே வந்துவிடுகின்றன. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு துடைப்பத்தைத் தேடுவதற்குள் என் மகள் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்துவிட்டாள். உடனே கைப்பேசி அந்த எலி இனத்தின் பெயரைச் சொன்னது. "இட் நோஸ், அம்மா, அதுக்குத் தெரியுது," என்றாள் பெருமையாக. அந்த நாற்றத்துக்கு நடுவே உன் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே, எலி என்றால் எனக்கு நீதான்.

ஆல்பனி அலுவலகத்தில் நம் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. நான் மதுரையிலிருந்து மென்பொருள் எழுத வந்தவள். நீ யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்து, ஆய்வுக்காக மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் பல வருடம் எலி பிடித்துவிட்டு, வேலை விசாவில் இங்கே வந்தவள். வரவேற்பில் இருந்த பெண் என்னை உன் பெயரிலும் உன்னை என் பெயரிலும் கூப்பிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பாவம், முகத்தைப் பாத்துச் சொல்லுறது கஷ்டம்தானே. வாயைத் திறந்தால் தெரிஞ்சிடும். நான் ஓம் எண்டுவன், நீர் ஆமா எண்டுவீர்," என்று நீ சிரிப்பாய். ஒத்த வயதுக்காரியைப் போய் 'நீர்' என்கிறாளே என்று முதலில் விழித்தேன். பிறகு அது இல்லாமல் ஒரு நாளும் ஓடவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் சுகாதாரப் பணியாளர்களுக்காக, படத்தைப் பார்த்து எலியின் பெயரைச் சொல்லும் செயலியை நாம் செய்துகொண்டிருந்தோம். அங்கே இரண்டு பழுப்பு எலி இனங்கள் உண்டு. அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று, உயிரைக் கொல்லும் லாசா காய்ச்சலை மனிதர்களுக்குக் கொண்டுவருவதில் முதல் ஆள். மற்றதிடம் அவ்வளவு பயமில்லை. இரண்டையும் நம் செயலி பிரமாதமாகப் பிரித்தது. எல்லாரும் கை தட்டினார்கள், நீ மட்டும் தட்டவில்லை.

"கையிலை பிடிச்சுப் பாத்த எனக்கே தெரியேல்லை. இதுக்கு எப்பிடித் தெரியுது?" என்றாய்.

"பொறாமைடி உனக்கு," என்றேன் நான்.

நீ திரையில் ஒரு படத்தைத் திறந்து, எலி இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டினாய். அதை அப்படியே செயலியில் படம் பிடித்தாய். காய்ச்சல் எலி என்றது. இன்னொரு படம், இன்னொரு தாள். மற்ற எலி என்றது. எலியே கண்ணில் படவில்லை, ஆனாலும் பெயர் வந்தது. செயலியைப் பழக்க நாம் கொடுத்த படங்களில் காய்ச்சல் எலிகள் வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் இருந்தன, மற்றவை புல்லில். நான் மாதக்கணக்கில் எழுதிய செயலி தரையைப் பார்த்துத்தான் பெயர் சொல்லியிருக்கிறது.

"காய்ச்சல் எலி வயலுக்குப் போகாதோ?" என்று மெதுவாகக் கேட்டாய். "அங்கை சின்னப் பிள்ளையளும் எலி பிடிப்பினம். பயமில்லை எண்டு நாங்கள் சொல்லியிருப்பம்."

மறுநாள் வாடிக்கையாளருக்குச் செயல்விளக்கம். முதலில் காட்டிவிடலாம், பிறகு சரிசெய்யலாம் என்றார் மேலாளர். உன் விசாவைப் புதுப்பிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். எனக்கு அது தெரியும், உனக்கும் தெரியும். நீ அந்தக் கூட்டத்தில் எழுந்து, வாடிக்கையாளர் முன்னாலேயே மஞ்சள் தாளை ஒட்டிக் காட்டினாய். இந்த இரண்டையும் நானே பார்த்துச் சொல்ல மாட்டேன், மரபணுவைச் சோதித்தால்தான் தெரியும் என்றாய். அந்த அறையில் எலிகளை உன் அளவுக்கு அறிந்தவர் ஒருவரும் இல்லை. தெரியாது என்று சொன்னதும் நீ ஒருத்திதான். அன்று உன்னைப் பார்த்து நான் பிரமித்துப்போனேன். இன்றும் அது குறையவில்லை.

ஒப்பந்தம் தள்ளிப்போனது. உன் கடிதத்தின் கையெழுத்தும் தள்ளிப்போனது, கடைசியில் கிடைத்தது. இந்த இரண்டு எலிகளில் எது வந்தாலும் பெயருக்குப் பதிலாக, 'படத்தை வைத்துச் சொல்ல முடியாது, தொடாதீர்கள், சோதனைக்கு அனுப்புங்கள்' என்ற பதில் செயலியில் சேர்ந்தது. போன வருடம் மருத்துவமனையில், நீ போவதற்கு முந்தைய நாள், மூச்சு வாங்க வாங்க நீ கேட்டதும் அதைத்தான். "இருக்கோ இன்னும்?" "ஆமா, இருக்கு," என்றேன். "விடாதையும்," என்றாய்.

இந்த வாரம் புதிய மேலாளர் என்னைக் கூப்பிட்டார். தெரியாது என்கிற செயலியை யாரும் விரும்புவதில்லையாம், அந்தப் பதிலை எடுத்துவிட்டு எது பொருந்தி வருகிறதோ அந்தப் பெயரைப் போடச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்றேன். உன் கதையை முழுதாகச் சொன்னேன். எடுத்தால் நான் இந்த வேலையில் இல்லை என்றும் சொல்லிவிட்டேன். தலையில் வீட்டு மார்ட்கேஜ் கடனை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது? அவர், சரி, இருக்கட்டும் என்றார்.

மேசைக்கு அடியில் என் இரண்டு கால்களும் நடுங்கிக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் உன்னைத் தைரியசாலி, தைரியசாலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அந்த அறையில் உனக்கும் நடுங்கியதா என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.