குளிர்கிடங்கில் சோதித்த கேமரா

பத்துபஸ்தி, போர்ட் பிளேர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் உதயாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் சென்னையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி என்ன பேசுவது. அதனால் கேமரா பெட்டிக்குள் இதையும் வைக்கிறேன். பேட்டரி என்றதும் பார்சல் எடுக்கிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள், ஆகவே ஹேடோ துறைமுகத்தில் என்னோடு கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கிற ராஜவேல் வெள்ளிக்கிழமைக் கப்பலில் கொண்டு வருகிறார். கப்பல் தேதி இதுவரை இரண்டு தரம் மாறிவிட்டது, இனி மாறாது என்று ராஜவேல் சொல்கிறார், அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் பிறந்தநாளுக்குக் கேமரா வாங்கித் தருகிறேன் என்று தெரியாமல் வாயை விட்டேன் உதயா. கேமரா என்றால் ஒரு கேமராதான் என்று நினைத்துக் கடைக்குப் போனேன். அங்கே ஒன்று பென்சில் செல் போடுவது, பழைய ஸ்டாக். இன்னொன்று தட்டையான பேட்டரியோடு வருவது, அதைக் கரண்டில் சொருகி சார்ஜ் செய்ய வேண்டும். எது நல்லது என்று கேட்டால் கடைக்காரர் 'தோனோ அச்சா ஹை அங்கிள்' என்று இரண்டையுமே நல்லது என்கிறார், பிறகு நான் எதற்கு அவரைக் கேட்கிறேன். மெகாபிக்சல், ஜூம், கார்டு என்று அவர் சொன்னதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி வந்தேன், வீட்டுக்கு வந்து படித்தால் என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற நம் எதிர்வீட்டு பிரவீன்குமார் பெரிய கேமராதான் வேண்டும் என்றான். நீ மலையேறும் பன்னிரண்டு நாளும் அதை முதுகில் சுமக்கப்போவது அவன் இல்லையே. நீ போகிற மலையில் ஆறு நாள் கரண்டே இருக்காது என்று சொல்லியிருந்தாய், அப்படியானால் செல் போடுவதுதான் சரி என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் தட்டை பேட்டரிதான் சரி என்று பட்டது. கடைசியில் பிரவீன்குமார் ஜாமீனில் இரண்டையும் சோதித்துப் பார்க்க வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டேன். மொட்டைமாடி வெயிலில் நின்று வருகிற விமானம் போகிற விமானம் எல்லாவற்றையும் எடுத்தேன். இரண்டுமே சாயங்காலம் வரை ஓடின. அதைப் பெருமையாகச் சொன்னபோதுதான் பிரவீன்குமார் சிரித்தான். அங்கிள், வெயிலில் எல்லாம்தான் ஓடும், பனியில் பேட்டரி பொசுக்கென்று செத்துவிடும் என்றான்.

எனக்கு அது புதுச் செய்தி. பிறந்ததிலிருந்து இந்தத் தீவில் நமக்குத் தெரிந்ததெல்லாம் ஈரமும் உப்புக்காற்றும்தான், எந்தச் சாமான் கெட்டாலும் அரிசி டிரம்முக்குள் போட்டுவைப்போம். குளிர் ஒரு பொருளைக் கெடுக்கும் என்று யார் கண்டது. எனக்கே தெரியாதபோது அம்மாவுக்கு எப்படித் தெரியும். போன வருஷம் நீ மலைக்குப் போய் நாலு நாள் ஒரு தகவலும் இல்லாமல் இருந்து, கீழே இறங்கியதும் போன் செத்துப்போச்சும்மா என்று சொன்னாயே, அதை அவள் நம்பவே இல்லை. நிறைய சார்ஜ் போட்ட போன் எப்படி ஒரே ராத்திரியில் சாகும், பேசப் பிடிக்காமல் அணைத்து வைத்துவிட்டு அம்மாவிடம் பொய் சொல்கிறாள் என்று ஒரு வருஷமாக மனசில் வைத்திருக்கிறாள். உன்னிடம் கேட்கவும் இல்லை, விடவும் இல்லை. இந்த வருஷ மலைக்கு அம்மா சரி என்றால்தான் டிக்கெட் போடுவேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நான் கேமரா கேமரா என்று அலைந்ததும் பாதி அதனால்தான், உன் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரவீன்குமார் சொன்னது நிஜமா என்று பார்க்க ஜங்லிகாட் துறையில் மீன் வைக்கும் குளிர்கிடங்குக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற முத்துவீரனை எனக்குத் தெரியும். கிளம்பும்போது அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள், மீன் வாங்கவாம். முத்துவீரன் என்னைப் பார்த்த பார்வையில், ரிட்டயர்மென்ட் நெருங்குகிறதே, மூளை குழம்பிவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தது. இரண்டு கேமராவையும் சூரை மீன் பெட்டி மேல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, என் மழைக்கோட்டை அம்மாவுக்குப் போர்த்தி இருவரும் உள்ளே போனோம். செல் போட்டது மூக்கை நீட்டிய நிலையிலேயே செத்துக் கிடந்தது. இன்னொன்றில் சார்ஜ் காட்டுகிற மூணு கோடு ஒரு கோடாகியிருந்தது. அம்மா செத்த செல் இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள், உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டு மீன் கூடைகளுக்கு நடுவே கால் மணி நேரம் நின்றாள். திரும்பப் போட்டதும் கேமராவுக்கு உயிர் வந்துவிட்டது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப புள்ள பொய் சொல்லலீங்க. போன் நெசமாவே செத்துத்தான் போயிருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. மீன் வாங்காமலே வந்துவிட்டோம்.

தட்டை பேட்டரி கேமராதான் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள், செல் கேமராவைக் கடைக்கே கொடுத்துவிட்டேன். அவள் சொன்னபடி பேட்டரி மூன்று வைத்திருக்கிறேன். அது சரிதானா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான், என்னை எதுவும் கேட்காதே. பெட்டிக்குள் ஒரு அரிசிப் பொட்டலம் இருக்கும், ஈரம் ஏறாமல் இருக்க வைத்தது, சமைத்துவிடாதே. விமானப் படங்களை அழித்துவிட்டேன், இப்போது கார்டில் முதல் படம் மழைக்கோட்டோடு அம்மா, பின்னால் சூரை மீன், அதை அழிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள், ராஜவேலுக்கு ஒரு காபியாவது போட்டுக் கொடுத்து அனுப்பு. எந்த மலை ஏறினாலும் எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உன் கூடவே வரும்.

மறக்கக் கூடாத ஒன்று. கேமராவுக்கு அடியில் துணிப்பை ஒன்று இருக்கிறது, கழுத்தில் மாட்டி உடுப்புக்குள்ளே நெஞ்சோடு ஒட்டிப் போட்டுக்கொள்ள அம்மா தைத்தது. அதில் அறை நாலு இருக்கும். பேட்டரி மூன்றுதானே, எண்ணத் தெரியாமல் தைத்துவிட்டாயா என்று கேலி செய்தேன். நாலாவது உன் போனுக்காம். டிக்கெட்டைப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ராக்கப்பன்