குளத்துக்குள் இறக்கிய வாளி மரம்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. முழங்காலில் ஒரு சிராய்ப்பைத் தவிர நான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கோடையில் வீட்டுப் பின்பக்கக் குளத்தைத் தூர் வாரியதில் பழைய வேர், மரக்கட்டை எல்லாம் போய், அடித்தரை கழுவி வைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. அம்மா போன பிறகு வீட்டில் உயிருள்ளது ஏதாவது இருக்கட்டும் என்று அதில் மீன்குஞ்சு வாங்கி விட்டேன். நீர்க்காகங்கள் பந்திக்கு வருவதுபோல வரிசையாக வந்து இறங்கின. பாவம், குஞ்சுகளுக்கு ஒளிய ஒரு மூலை இல்லை. கல் எறிந்து எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம். அதனால்தான் காலி பெயிண்ட் வாளியில் சிமெண்ட் கலவை போட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, அதில் துளை போட்டுத் தோட்டத்து ரப்பர் குழாயைத் துண்டு துண்டாக வெட்டிக் கிளை மாதிரி செருகினேன். பார்க்கக் கோணல்மாணலாக ஒரு மரம். குளத்தடியில் இறக்கிவைத்தால் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளுமே என்று இப்படி நாலைந்து செய்தேன். நம் பிளம்பர்தான் மிச்சம் மீதிக் குழாய் கொடுத்தார். மீனுக்கு வீடு கட்டி வாடகை யாரிடம் வாங்குவீர்கள் என்று கேலி செய்துவிட்டு, போகும்போது, "எறக்கறப்ப நானும் வரேன் சார். கயித்த மட்டும் கையில சுத்திக்காதீங்க" என்றார்.

சனிக்கிழமை வருவதாகப் பேச்சு. பேச ஆள் வரப்போகிறது என்று சட்டை மாற்றி, இரண்டு டம்ளர் எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தேன். தன் மகளுக்குக் காய்ச்சல், நாளைக்கு வருகிறேன் என்று போன் செய்தார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் அந்த இரண்டாவது டம்ளரைத் திரும்ப அலமாரியில் வைத்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல், லாரி டியூப் மேல் பலகை கட்டி, ஒரு வாளியை ஏற்றி நானே தள்ளிக்கொண்டு போனேன். வழுக்கக்கூடாது என்று, வாளியில் கட்டிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். திட்டாதே. வாளி சரிந்தது, என்னையும் இழுத்துக்கொண்டு போனது. தலைக்கு மேல் தண்ணீர், வாயெல்லாம் சேறு. கயிறு எப்படிக் கழன்றது என்று தெரியவில்லை. டியூபைப் பிடித்துக் கரையேறி, சேற்றோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பயம் சாவைப் பற்றி இல்லையம்மா. நாளைக்குப் பிளம்பர் வரும்வரை யாருக்கும் தெரிந்திருக்காதே என்று தோன்றியது, அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அவர் வந்து, என் கையிலிருந்த கயிற்றுத் தடத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மற்ற மரங்களை அவரே இறக்கினார். அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகிற வழியில் கேட்டருகே ஹாரன் அடிக்கிறார், நான் கையைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம். நேற்றுச் சாயங்காலம் நீர்க்காகம் ஒன்று முங்கி முங்கி வெறும் வாயோடு எழுந்தது. மரங்களுக்கு நடுவே குஞ்சுகள் கூட்டமாக நின்றன. "இங்க வந்து பாரேன்" என்று வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

குழந்தையைத் தண்ணீர்ப் பக்கம் தனியே விடாதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள். நீ போன் செய்தால், இரு, அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று சொல்லியே காலம் தள்ளியவன் நான், பேசத் தெரியாது. நான் சும்மா இருந்தாலும் உடனே வைத்துவிடாதே. நீ பாட்டுக்குப் பாத்திரம் கழுவு, குழந்தையை அதட்டு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா